இராஜபாளையத்துச் சப்பட்டை



மாம்பழங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், அதுவே ஒரு சிறிய வரலாற்றுப் பாடமாக அமைந்துவிடும். அல்போன்சா என்ற பெயர், 1509 முதல் 1515 வரை இந்தியாவில் போர்ச்சுக்கீசியரின் ஆளுநராக இருந்த அபோன்சோ டி அல்புகர்க் என்பவரை நினைவூட்டுவது. பங்கனபள்ளி என்பது, ஆந்திர நாட்டில் முன்பு தனிச் சமஸ்தானமாக விளங்கிய ஓர் ஊரின் பெயர். இமாம்பசந்த் என்றால் இமாமின் விருப்பத்திற்கு உரியது என்று பொருள். யாழ்ப்பாணத்தார் தம் கறுத்தக்கொழும்பானை வேறெந்தப் பழத்திற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இவ்வாறு ஆண்டவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் தாங்கி நிற்கும் பழங்களுக்கு நடுவே, தென்பாண்டி நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் விளையும் ஒரு பழத்திற்கு வாய்த்த பெயர் 'சப்பட்டை' என்பது.

சப்பட்டை என்ற சொல்லுக்குத் தட்டையானது என்பதே பொருள். புகழ்ச்சிக்காக இடப்பட்ட பெயர் என்று அதனைச் சொல்ல இயலாது. பழம் இருபுறமும் அமுங்கினாற்போல் இருக்கிறது. கண்டவர் கண்டபடியே பெயரிட்டார். அதே மண்ணில் விளையும் மற்றொரு பழத்திற்குப் பல நிறம் கண்டு பஞ்சவர்ணம் என்று பெயரிட்டார். மூக்கு வளைந்த பழத்தைக் கிளிமூக்கு என்றார். ஊரின் பெயரிலேயே ராஜா இருந்தபோதிலும், ஊருக்குப் பெருமை தேடித் தந்த பழத்திற்கு ராஜபோகப் பெயர் எதுவும் வைக்காமல், உழவன் தன் கண்ணை நம்பி வைத்த பெயர் இது. அந்தச் சப்பட்டையைக் குறித்தும், ஒரு பழவகை நூற்றாண்டுகளைக் கடந்து எவ்வாறு உயிர் தரித்திருக்கிறது என்பதைக் குறித்தும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் அமைந்த அண்டை ஊர்கள். 1985ஆம் ஆண்டில் தனி மாவட்டமான விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று, பெரியாழ்வார் நந்தவனம் அமைத்த ஊர். ஆண்டாள் பிறந்த ஊர். பதினோரு நிலைக் கோபுரத்தால் தொலைவிலிருந்தே அடையாளம் காணப்படுவது. மற்றொன்று, 1936ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில் தொடங்கப்பெற்றது முதல் பஞ்சாலைகளால் பேர்பெற்றது. இரண்டிற்கும் பொதுவாக மேற்கே மலை நிற்கிறது. மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசலும் வானம் பார்த்த நிலமும் பரந்து கிடக்க, மலையடிவாரத்தில் மட்டும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளாலும் அவற்றால் ஊறும் கிணறுகளாலும் அய்யனார் கோயில் பக்கத்திலும், சேத்தூர், தேவதானம் பக்கத்திலும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் செழித்திருக்கின்றன.

மாமரத்திற்கு இத்தகைய இடம் மிகவும் ஏற்றது. வேர் ஆழமாக இறங்குவதற்கு ஈரம் வேண்டும். ஆனால் நீர் தேங்கி நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஓய்ந்தபின், தை மாதத்தில் வறட்சியும் குளிர்ச்சியும் கலந்த ஒரு காலம் வர வேண்டும். அப்பொழுதுதான் மரம் தளிர் விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கும். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கலாம்; அவற்றுள் பெரும்பாலானவை ஆண்பூக்கள். காயாகி முற்றிப் பழுப்பவை நூற்றுக்கு ஒன்றுகூட இரா. அந்தச் சில பழங்களுக்காகவே சித்திரையிலும் வைகாசியிலும் சந்தை முழுவதும் மணக்கிறது.

மாமரத்தைத் தமிழர் அறிந்த காலத்தை அளவிடுவது எளிதன்று. முக்கனிகளுள் முதற்கனி அது. மேல்நாட்டார் வழங்கும் 'மாங்கோ' என்ற சொல்லும் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய சொல்லிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகச் சென்றதே. சங்க இலக்கியத்தில் மாமரம் பலமுறை வருகிறது. ஆயினும் அவற்றுள் மனத்தை உலுக்குவது நன்னன் என்னும் குறுநில மன்னனுடைய மரத்தின் கதை. பரணர் பாடிய குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் அச்செய்தி உள்ளது. நன்னனுக்கு ஒரு மாமரம் காவல்மரமாக இருந்தது. அதன் காய் ஆற்றில் விழுந்து மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண் ஒருத்தி அதனை எடுத்து உண்டாள். அதற்காக நன்னன் அவளுக்குக் கொலைத்தண்டனை விதித்தான். எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் மனம் இரங்கவில்லை. கோசர் என்பார் சூழ்ச்சியால் நன்னனுடைய மாமரத்தை வெட்டி வீழ்த்திய செய்தியும் அந்தத் தொகைநூலிலேயே வேறொரு பாட்டில் வருகிறது.

நன்னனைப் பெண்கொலை புரிந்தவன் என்று உலகம் பழித்தது. அப்பழி இன்றும் தீரவில்லை. ஆனால் தோட்டக்கலையின் கண்கொண்டு பார்த்தால் அக்கதையில் இன்னொரு செய்தியும் புலப்படும். ஒரே ஒரு மரமாகக் காவலுக்குள் நின்ற மரம், ஒரே கோடரியால் முடிந்துபோயிற்று. யாருக்கும் கொடாமல் காத்த கனி யாருக்கும் இல்லாமற் போயிற்று. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஒரு மாம்பழ வகை என்பது உண்மையில் ஒரே ஒரு மரம்தான்.

இவ்வாறு சொல்வது வியப்பாகத் தோன்றலாம். நெல்லை விதைத்தால் அதே நெல் விளைகிறது. மாங்கொட்டையை ஊன்றினால் அதே மாம்பழம் விளைவதில்லை. வெள்ளைக்கொழும்பான் போன்ற சில வகைகளில் ஒரு கொட்டையிலிருந்து தாயைப் போன்ற பல முளைகள் தோன்றும். நம் நாட்டின் புகழ்பெற்ற மாம்பழங்களுள் பெரும்பாலானவை அவ்வாறல்ல. அவற்றின் கொட்டையில் இருப்பது ஒரே ஒரு கரு. அதில் தாய்மரத்தின் குணத்தோடு, மகரந்தம் தந்த வேறொரு மரத்தின் குணமும் கலந்துவிடுகிறது. நல்ல பழத்தின் கொட்டையை நட்டுப் பத்தாண்டு காத்திருந்தவனுக்குப் புளிப்பும் நாருமே கிடைப்பதும் உண்டு. எதிர்பாராத புதுச்சுவை வாய்ப்பதும் உண்டு.

அத்தகைய எதிர்பாராத விளைவு ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது. 1889ஆம் ஆண்டில் அந்நாட்டு வேளாண்மைத் துறை இந்தியாவிலிருந்து முல்கோபா என்னும் மாவின் ஒட்டுக்கன்றுகளை வரவழைத்தது. புளோரிடா மாநிலத்தில் அவற்றுள் ஒன்று பிழைத்துக் காய்த்தது. அதன் கொட்டைகளை 1902ஆம் ஆண்டில் ஹேடன் என்னும் படைத்தலைவர் தம் தோட்டத்தில் ஊன்றினார். அவற்றுள் ஒரு மரம் 1910ஆம் ஆண்டில் தாயைப் போலன்றிச் செந்நிறம் படர்ந்த பழத்தை ஈன்றது. அதனைக் காண ஹேடன் உயிரோடில்லை. அவர் மனைவியார்தாம் மரத்தைக் காத்து வந்தார். நம் நாட்டு முல்கோபாவும், அங்கே நாட்டு வகையாக இருந்த ஒரு மாவும் கலந்தே அம்மரம் பிறந்தது என்பதைப் பிற்கால மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. இன்று மேல்நாட்டுச் சந்தையில் விற்கும் மாம்பழ வகைகள் பல அந்த ஒரு மரத்தின் வழிவந்தவை.

எனவே, நல்ல பழம் தரும் ஒரு மரம் தற்செயலாகத் தோன்றிவிட்டால், அதனை அப்படியே பெருக்குவதற்கு வழி ஒன்றுதான்: அதன் கிளையை எடுத்து வேறொரு வேரில் பொருத்துவது. அதுவே ஒட்டுக் கட்டுதல். நம் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறை நெருக்கு ஒட்டு எனப்படும். சாதாரண மாங்கொட்டையை முளைக்க வைத்து, ஓராண்டுக் கன்றாகத் தொட்டியில் வளர்ப்பார்கள். அதனைத் தாய்மரத்தின் கிளையருகே பரண் கட்டி உயர்த்தி வைப்பார்கள். கன்றின் தண்டிலும் மரத்தின் இளங்கிளையிலும் இரண்டு அங்குல நீளத்திற்குப் பட்டையோடு சிறிது கட்டையையும் சீவி, இரண்டு காயங்களும் ஒன்றோடொன்று படியுமாறு சேர்த்து இறுகக் கட்டுவார்கள். இரண்டு மூன்று மாதங்களில் காயம் கூடிவிடும். பிறகு கட்டுக்கு மேலே கன்றின் தலையையும், கட்டுக்குக் கீழே தாய்மரத்துக் கிளையையும் அறுத்துவிட்டால், அந்நிய வேரின்மேல் தாய்மரத்தின் உடல் தனியே நிற்கும். இப்பொழுது நாற்றங்கால்களில் இளந்தண்டு ஒட்டு முதலிய விரைவான முறைகள் வந்துவிட்டன. முறை எதுவாயினும் தத்துவம் ஒன்றே. ஒட்டுக்கன்றைத் தாய்மரத்தின் பிள்ளை என்று சொல்வது கூடப் பொருந்தாது, அது தாய்மரமேதான்.

இதனால் பெறப்படும் கருத்து என்ன? இன்று மலையடிவாரத்தில் நிற்கும் ஒரு சப்பட்டை ஒட்டுமரம், என்றோ ஒரு காலத்தில் தானாக முளைத்த முதல் சப்பட்டை மரத்தின் உடலே ஆகும். இடையில் எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர், இப்பழம் நம்மோடு போய்விடக் கூடாது என்று எண்ணித் தம் மரத்தின் கிளையை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். மன்னர் வரலாறு கல்லில் பொறிக்கப்படுகிறது. பழத்தின் வரலாறு கிளையில் எழுதப்படுகிறது. கல்லெழுத்தை ஒருமுறை வெட்டினால் போதும். கிளையெழுத்தையோ ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் எழுதியாக வேண்டும்.

இது மாவுக்கு மட்டும் உரிய இயல்பு அன்று, ஆப்பிளும் இத்தகையதே. இங்கிலாந்தில் சவுத்வெல் என்ற சிற்றூரில், 1809ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்னும் சிறுமி ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். அவற்றில் ஒன்று மரமாயிற்று. 1846ஆம் ஆண்டில் அவ்வீட்டை மாத்யூ பிராம்லி என்ற இறைச்சி வணிகர் வாங்கினார். பத்தாண்டுகளுக்குப் பிறகு மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணையார் அம்மரத்திலிருந்து கிளை கேட்டு வந்தார். பழத்திற்குத் தம் பெயரை இட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிராம்லி இசைந்தார். இன்று அந்நாட்டின் சமையல் ஆப்பிள்களில் முதலிடம் பெற்றது பிராம்லி ஆப்பிள். விதை ஊன்றிய சிறுமியின் பெயர் பழத்திற்கு வாய்க்கவில்லை. தாய்மரம் புயலில் சாய்ந்து மீண்டும் துளிர்த்து, பின்னர்ப் பூசண நோய்க்கும் ஆளாயிற்று. ஆயினும் அந்த ஆப்பிளுக்கு அழிவில்லை. கேட்டவருக்குக் கிளை கொடுக்கப்பட்டதால் அது நாடெங்கும் பரவிவிட்டது. நன்னன் காத்தான், மரம் அழிந்தது. பிராம்லி கொடுத்தார், மரம் வாழ்கிறது. பழவகைகள் பிழைத்திருப்பது காவலால் அன்று, கொடையால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, சப்பட்டை போன்ற உள்ளூர் வகைகளுக்கு இன்று நேர்ந்துள்ள இடர்ப்பாட்டைப் பார்ப்போம். உள்ளூர்ப் பழம் உள்ளூரார் நாவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. காலையில் பறித்து, வைக்கோலில் பழுக்கவைத்து, அண்டை ஊர்ச் சந்தையில் விற்று, அன்றே வீட்டில் உண்பதற்கு உரியது. தொலைதூர வாணிகம் கேட்கும் குணங்களோ வேறு. தோல் தடித்திருக்க வேண்டும். லாரியில் குலுங்கினாலும் நசுங்கக் கூடாது. எல்லாப் பழமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் காய்க்க வேண்டும். சுவை இந்த வரிசையில் கடைசியிலேதான் வருகிறது. இது மிகையான கூற்றன்று. முன்னே சொன்ன ஹேடன் மரத்தின் வழியில், புளோரிடாவில் டாமி அட்கின்ஸ் என்று ஒரு வகை தோன்றியது. நார் மிகுந்தது, சுவையில் குறைந்தது என்று அம்மாநிலத்து மாங்கனி வல்லுநர் மன்றம் அதனைப் பலமுறை ஒதுக்கியது. ஆனால் தடித்த தோலும் செந்நிறமும் நெடுநாள் தாங்கும் இயல்பும் உடையதாதலின் வணிகர்கள் அதனை விரும்பினார்கள். முடிவில் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் மாம்பழம் என்றாலே அதுதான் என்னும் நிலை வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதன் சாயல் இல்லாமல் இல்லை. கூழ் ஆலைகளுக்குக் கிளிமூக்கு வேண்டும். தொலைதூரச் சந்தைக்குப் பங்கனபள்ளி வேண்டும். ஆண்டு தவறாமல் காய்ப்பதற்கு நீலம் வேண்டும். இவை குறைந்த பழங்கள் என்று நான் சொல்லவில்லை. நீலம் தமிழ்நாடு உலகுக்கு அளித்த அரிய கொடை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் ஒட்டுரகங்களுக்கும், வடநாட்டில் உருவாக்கிய மல்லிகா, அம்ரபாலி ஆகியவற்றுக்கும் பெற்றோருள் ஒன்று அது. ஆயினும் பழைய முறையில் முப்பத்துமூன்று அடி இடைவெளிவிட்டு நட்டால் ஓர் ஏக்கருக்கு நாற்பது மரங்களே கொள்ளும். முதிர்ந்த மரம் ஒன்று பட்டுப்போன இடத்தில் புதுக்கன்று வைக்கும் உழவர், நாற்றங்காலில் எது கிடைக்கிறதோ அதையே வைக்கிறார். விலைபோகும் வகையின் கன்று நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். உள்ளூர் வகையின் கன்றைத் தேடியலைய வேண்டும். பகைவன் கோடரி இல்லாமலேயே, ஒவ்வொரு மரமாக, ஓசையின்றி ஒரு வகை மறைந்துபோவது இவ்விதம்தான்.

இந்தத் தோப்புகளுக்கு மேற்கே காடு தொடங்கிவிடுகிறது. நரை அணில் என்னும் அரிய மலை அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைந்தது. 2021ஆம் ஆண்டில் அது மேகமலைக் காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. காட்டுயிர்களைக் காக்கும் இந்த முயற்சி போற்றத்தக்கது. அதே வேளையில், அடிவாரத் தோப்புகளில் யானை இறங்கி மரங்களை முறிப்பதும், உடையவர் மனம் தளர்வதும் இங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி. நாற்பது ஆண்டு வளர்ந்த மரத்தை ஓர் இரவில் இழந்தவருக்கு, அதே வகையின் கன்று மறுநாள் கிடைக்குமானால் தோப்பு தொடரும். கிடைக்காவிட்டால் அத்தோடு ஒரு கண்ணி அறுந்துவிடும்.

இவ்வூர்களுக்குத் தம் பழம்பொருளைக் காக்கத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. இராஜபாளையம் நாய் என்னும் வெண்ணிற வேட்டைநாய் அருகிவரும் இனங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அதனைப் பேணியவர்களின் முயற்சியால் அதன் பெயர் நிலைத்தது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அதற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. நாய் இனத்தைக் காக்கத் தூய குட்டிகள் வேண்டும். பால்கோவாவைக் காக்கப் பாலும் கைப்பக்குவமும் வேண்டும். மாவைக் காக்க வேண்டுவன இரண்டு: ஒன்று ஒட்டுக்கன்று, மற்றொன்று எழுத்து.

எழுத்து என்று நான் குறிப்பது பழத்தின் குணங்களை முறையாகப் பதிந்து வைப்பதை. பழத்தின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். தோள் எவ்வளவு உயர்ந்திருக்கிறது, மூக்கு கூர்மையா மழுங்கலா, தோலில் புள்ளி உண்டா, நார் எவ்வளவு, கொட்டையின் கனம் என்ன என்பவற்றைக் குறிக்க வேண்டும். கொழுந்தின் நிறத்தையும், அதனைக் கசக்கி முகர்ந்தால் வரும் மணத்தையும் கூட அறிஞர்கள் பதிவேட்டில் சேர்க்கிறார்கள்; தோட்டத்தில் வளர்ந்த முதியவர்கள் காய் இல்லாத காலத்திலும் இன்ன மரம் என்று சொல்வதற்கு இத்தகைய அடையாளங்களே துணையாகின்றன. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பயிர் வகைகள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் வழிவழியாகக் காத்த வகைகளையும் பதிவு செய்ய வழிவகுத்துள்ளது. ஆனால் ஒரு வகை மற்றவற்றிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று எழுதிக் காட்டினால்தான் பதிவு கிடைக்கும். இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் பிராக்டேல் தோட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகளைப் பெயரோடும் குணத்தோடும் வளர்த்து வருகிறார்கள். நம் நாட்டிலும் லக்னோ நகரின் அருகேயுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் நூற்றுக்கணக்கான மா வகைகள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஒரு பழத்தின் முழுக்குணமும் அது பழகிய மண்ணிலும் நீரிலுமே வெளிப்படும். ஆதலால் அதன் முதற்காப்பகம் அதன் சொந்த ஊராகவே இருத்தல் வேண்டும்.

காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமாகிய மா, நான்கு கிளைகளில் நான்கு சுவையுள்ள கனிகளைத் தரும் என்பது நம்பிக்கை. உத்தரப்பிரதேசத்தில் மலிஹாபாத் என்ற ஊரில் கலீமுல்லா கான் என்ற தோட்டக்கலைஞர், ஒரே மரத்தில் முந்நூறு வகை மாவை ஒட்டுக் கட்டிக் காட்டினார். 2008ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. முந்நூறு வகைக்கு ஒரு மரம் இடம் கொடுக்குமானால், ஒவ்வொரு தோப்பும் ஒரு சப்பட்டைக்கு இடம் கொடுப்பது பெரிய காரியமன்று.

வரும் சித்திரையில் இராஜபாளையத்துச் சந்தைக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ செல்லும் அன்பர்கள், பழத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வாங்குவார் கேட்டால் விற்பார் தேடுவார். விற்பார் தேடினால் விளைப்பார் வளர்ப்பார். தோப்பு உடையவர்களோ, வரும் மழைக்காலத்தில் தங்கள் நல்ல மரத்திலிருந்து இரண்டு ஒட்டுக்கன்றுகள் கட்டி, ஒன்றைத் தங்கள் தோப்பிலும் மற்றொன்றை அண்டைத் தோப்பிலும் நடுங்கள். தம் தோப்பு மரம் ஒருநாள் பட்டுப்போனாலும், அதே மரம் அண்டைத் தோப்பில் நின்று காய்க்கும்.